தகுதியான உள்ளூர்க்காரர்

டுவாலாவில் எனக்கு இது பதினோராவது வாரம்.
ஒரு சட்டை உடம்பில் நனைகிறது,
மற்றது கொடியில் காயாமல் நனைகிறது.
அக்வாவில் ஓர் அறை.
மூன்று மாத வாடகை கொடுத்தாயிற்று,
நாலாவது மாதம் பையில் இல்லை.

செதூபாலில் மீன் ஆலையை மூடியபோது
எனக்கு வயது நாற்பத்தொன்பது.
குளிரூட்டும் இயந்திரம் தவிர
வேறொன்றும் தெரியாத கை இது.
"வெயிலடிக்கிற ஊருக்குப் போ ஹெல்டர்,
அங்கேதான் குளிருக்கு விலை" என்றான் மச்சினன்.
அவன் எங்கும் போகவில்லை.

காலையில் பைக் டாக்சி.
முன்னால் ஓட்டுகிறவன், நடுவில் நான்,
பின்னால் வாழைத்தாரோடு ஓர் அம்மாள்.
அவளுக்கு இருநூறு பிராங்க்,
என் தோலுக்கு ஐந்நூறு.
முந்நூறில் வந்து நிற்போம்.
"பேரம் பேசுகிற வெள்ளைக்காரன்" என்று
அம்மாள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பாள்.
தார் குலுங்கும்.

பொனாஞ்சோவில் ஏறாத படி இல்லை.
எல்லா இடத்திலும் நாற்காலி தந்தார்கள்,
தண்ணீர் தந்தார்கள்,
எல்லா இடத்திலும் முதலாளி பயணத்தில் இருந்தார்.
மரக்கட்டை ஏற்றுமதி செய்யும் லெபனான்காரர் ஒருவர் மட்டும்
காபி ஊற்றிக்கொண்டே கேட்டார்:
"கம்பெனி அனுப்பியதா, நீயாக வந்தாயா?"
நானாக, என்றேன்.
ஊற்றுவதை அரைக்கோப்பையில் நிறுத்தினார்.

பிறகு மழை. ஒன்பது நாள் விடாத மழை.
பத்தாம் நாள் மீன்பிடித் துறைமுகத்தில்
எக்காம்பியின் குளிர்கிடங்கு.
இரண்டாவது கம்ப்ரசர் இருமிக்கொண்டிருந்தது.
காதை வைத்துக் கேட்டேன்.
"பேரிங் போய்விட்டது" என்றேன்.
எக்காம்பி என் தோளைத் தட்டினார்.
"கடிதத்தை எட்விஜிடம் வாங்கிக்கொள்,
திங்கட்கிழமை வந்துவிடு."

மாடியில் எட்விஜ் ங்கோ பாசோங்,
மேசையில் தட்டச்சு, ரப்பர் முத்திரை,
பாதி தின்ற எண்ணெய்ப் பணியாரம்.
பெயர் கேட்டாள், பாஸ்போர்ட் எண் கேட்டாள்,
தட்டினாள்.
வேலை அனுமதிக்கு ஒரு வாக்கியம் வேண்டும்,
எல்லாக் கடிதத்திலும் அதே வாக்கியம்:
இந்தப் பணிக்குத் தகுதியான உள்ளூர்க்காரர் எவரும் கிடைக்கவில்லை.

அங்கே விரல் நின்றது.
"கீழே என்ன சொன்னீர்கள், பேரிங்கா?"
ஆமாம்.
"போனது பேரிங்தான். ஏன் போனது?"
நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்:
"எண்ணெய் திரும்பி வருவதில்லை.
குழாயின் சரிவு தப்பு.
மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தேன்."
இழுப்பறையைத் திறந்தாள்.
மார்ச் மாதத் தாள் இருந்தது,
அதன் கீழே, பிளாஸ்டிக் உறையில்,
வெப்பவியல் பொறியியல் பட்டம்.
எனக்குக் காட்டுவதற்காகத் திறக்கவில்லை.
ஸ்டேப்ளர் அங்கேதான் இருந்தது.

அச்சு இயந்திரம் தாளை இழுத்தது,
ஒவ்வொரு வரியாய்த் துப்பியது,
பாதியில் மின்சாரம் போயிற்று.
கீழே கம்ப்ரசர்களின் இருமல் அடங்கியது.
முதல்முறையாக வூரி ஆற்றின் சத்தம் கேட்டது.
வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளில்
கடைசி வரி இவ்வளவுதான்:
இந்தப் பணிக்குத் தகுதியான உள்ளூர்க்காரர்

இருவரும் அதைப் பார்த்தோம்.
அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.
"டார்ச் பிடிக்கத் தெரியுமா?"
இருட்டுப் படியில் அவள் முன்னால் இறங்கினாள்,
ஜெனரேட்டரின் வால்வை வலது கையால் திறந்து
இடது காலால் எதையோ உதைத்தாள்.
நான் வெளிச்சம் காட்டினேன்.
மூவாயிரம் பெட்டி மீனும் எங்களோடு காத்திருந்தது.

மூன்றாவது உதையில் பிடித்தது.
மேலே போனபோது
மீதி இரண்டு வார்த்தையும் அச்சாகி முடிந்திருந்தது.

முத்திரை குத்தினாள். ஊதிக் காயவைத்தாள்.
பேனாவையும் அவளே நீட்டினாள்.
"எழுதுங்கள். இல்லையென்றால்
வேறொருவருக்கு இதையே மறுபடி அடிக்க வேண்டும்."

நாலாவது மாத வாடகை நினைவுக்கு வந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக
குழாயின் சரிவை அளந்தேன்.
அவள் எழுதியிருந்ததைவிட
இரண்டு மில்லிமீட்டர் குறைவு.
மாடிக்குப் போய்ச் சொன்னேன்.
"இரண்டா?" என்றாள்,
"மழையில் தரை இறங்கியிருக்கும்."
மறுபடி தட்டத் தொடங்கினாள்.